பையில் இருந்தது தண்ணீர் இல்லை

போன பௌர்ணமி அன்று சாயங்காலம், செங்கம் ரோட்டுத் தடுப்பில் என் சைக்கிளை மறித்த ஒரு பேட்ஜ்காரர் கேட்ட முதல் கேள்வி: “என்ன அன்னதானம்? பர்மிஷன் இருக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரித்தேன் என்பதை நினைத்தாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஃபோல்டிங் சைக்கிள் தெரிந்ததுதான். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி ஊருக்குக் கிளம்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. குட்டிச் சக்கரம். பார்க்கிறவர்கள் ‘பேத்தி சைக்கிளா?’ என்பார்கள். ஆனால் எவ்வளவு சுமை ஏற்றினாலும் அசராது. அதற்குக் காரணம் ரஹீம் பாய்.

ரஹீம் பாய் எங்கள் எதிர் வீடு. கார், ஆட்டோக்களுக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி, தார்ப்பாயில் இரண்டு பெரிய பைகள் தைத்துக் கொடுத்தார். முதல் நாள் மிதித்தபோது ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. சின்ன சைக்கிள் அல்லவா... பெடலுக்கும் கேரியருக்கும் நடுவில் இடமே கிடையாது. பையைப் பின்னால் தள்ளி மாட்டினோம். அரிசி ஏற்றியதும் முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது! கடைசியில் பைகளின் முன்மூலையைச் சரிவாக வெட்டித் தைத்தார். அன்றிலிருந்து அரிசி, தேங்காய், ஒரு தடவை கிரைண்டர் கல்கூட ஏற்றி வந்திருக்கிறேன்.

அந்த ரஹீம் பாய்க்கு இப்போது இரண்டு கிட்னியும் வேலை செய்வதில்லை. வீட்டிலேயே டயாலிசிஸ். மிஷின் எல்லாம் இல்லை. வயிற்றில் பொருத்தியிருக்கிற குழாய் வழியாக ஒரு திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுக்க வேண்டும். பிறகு புதிதாக விட வேண்டும். தினம் நாலு தடவை, லீவே கிடையாது. அந்தத் திரவம் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பைகளில் வரும். மாதம் ஒரு தடவை வேனில் வந்து வீட்டிலேயே இறக்கிவிடுவார்கள்.

இந்த மாதம் வேன் லேட். வந்து சேர்ந்ததோ பௌர்ணமி அன்று. கிரிவலக் கூட்டத்துக்காக எங்கள் தெருவுக்கு வருகிற வழியை எல்லாம் மத்தியானமே அடைத்துவிட்டார்கள். டிரைவர் என்ன செய்வார், பாவம்? டவுனில் தெரிந்த மருந்துக் கடை ஒன்றில் பெட்டிகளை இறக்கிவிட்டு, போனில் தகவல் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் ஒரு பைகூட மிச்சமில்லை. முன்பு ஒரு தடவை இப்படித் தவறியபோது மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வைத்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாயின் மனைவி நூர்ஜஹான் என்னிடம் வந்து நின்றபோது அவள் முகத்தில் அந்த வேலூர்ப் பயணம் முழுக்கத் தெரிந்தது. ஆட்டோ வராது. பைக்கை விட மாட்டார்கள். ‘என் சைக்கிள் எதற்கு இருக்கிறது?’ என்று கிளம்பிவிட்டேன்.

போகும்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. கடையில் ஒரு சிக்கல் — அட்டைப்பெட்டி என் தார்ப்பாய்ப் பைகளுக்குள் நுழையவில்லை. அட்டையைப் பிரித்து அங்கேயே போட்டுவிட்டு, பக்கத்துக்கு நாலாக எட்டுப் பைகளை அடுக்கிக்கொண்டேன். மீதியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போதுதான் கூத்து. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் ஒரு வண்டி சுமையோடு வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சாப்பாடு. புடைத்த பைகளைப் பார்த்ததும் நடந்து வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஓர் அம்மா முந்தானையையே ஏந்திவிட்டார். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, எந்த ஊரிலிருந்தோ வந்து வெறுங்காலில் நடக்கிறவர்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேட்ஜ்காரர் வந்தார். போலீஸ் இல்லை. கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த தன்னார்வலராம்.

சாப்பாடு இல்லை, மருந்து என்றேன். பையைத் திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் மாதிரி தெளிவாக, பிளாஸ்டிக் பைகள்.

“தண்ணி பாக்கெட்டா? பிளாஸ்டிக் தடைனு போர்டு வெச்சிருக்கோமே, படிக்கலையா?”

டயாலிசிஸ் என்றேன். கிட்னி என்றேன். பையில் அச்சிட்டிருந்ததைக் காட்டினேன். எல்லாவற்றிலும்தான் இங்கிலீஷில் என்னவோ அடித்திருக்கிறான் என்றார். பில் கேட்டார். மருந்துக் கடையில் வேன்காரர் இறக்கி வைத்ததுதானே, காசு கொடுத்து வாங்கியதா, பில்லுக்கு எங்கே போவேன்? பக்கத்தில் நின்ற போலீஸ்காரப் பையனைப் பார்த்தேன். வெளியூரிலிருந்து பந்தோபஸ்துக்கு வந்தவன் போல. “அவரையே கேளுங்கம்மா” என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குள் அந்த ஆள், பறிமுதல் செய்த தண்ணீர் பாக்கெட்டுகளின் குவியல்மேல், புழுதியில், ரஹீம் பாயின் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட ஆரம்பித்தார். சின்ன ஓட்டை விழுந்தாலும் அந்தப் பை குப்பைக்குத்தான். கத்தினேன். நாலு பேர் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். அதே நேரம் பாஸ் ஒட்டிய கார் ஒன்று வந்தது. தடுப்பைத் தள்ளி வழிவிட்டார்கள். அதன் பின்சீட்டில் ஒரு கட்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்... தடை அங்கே ஏறி உட்கார்ந்திருந்தது, ஜம்மென்று!

நூர்ஜஹானுக்கு போன் போட்டேன். டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு தடுப்புக்கு வா என்று சொன்னதோடு லைன் கட்டாகிவிட்டது.

வந்தது ரஹீம் பாய். லுங்கியும் முழுக்கைச் சட்டையும் மாஸ்க்குமாக, கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கி, மூச்சு வாங்க. பின்னாலேயே ஃபைலோடு நூர்ஜஹான். பேட்ஜ்காரர் ஃபைலைக் கையில்கூட வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் ஃபைல் கொண்டுவரலாம் என்றார்.

ரஹீம் பாய் முன்னால் வந்தார். “பாத்துக்குங்க சார்” என்று மட்டும் சொல்லி, சட்டையைத் தூக்கினார்.

வயிற்றில் பிளாஸ்திரி. அதிலிருந்து தொங்கும் குழாய். அத்தனை ஜனங்களுக்கும் செல்போன்களுக்கும் நடுவில். மேல் பட்டன் போடாமல் வாசலுக்குக்கூட வராத மனுஷர் அவர்.

பேட்ஜ்காரர் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

பைகளை எடுத்து அடுக்கினோம். ஒன்று கிழிந்திருந்தது. மிச்சம் இருந்ததில் அன்றைய ராத்திரி கழிந்தது. ரஹீம் பாய் பிழைத்துக்கொண்டார். “விடுங்கக்கா, அவங்களுக்கு என்ன தெரியும்” என்றார்.

தெரியாதது குற்றமே இல்லை. பிளாஸ்டிக் தடையும் வேண்டும்தான், நானே இங்கே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு பெண் வாயால் சொன்னால் பொய், டாக்டர் ஃபைல் சொன்னால் பொய், கார் கண்ணாடியில் ஒட்டிய பேப்பர் சொன்னால் மட்டும் உண்மையா? சட்டையைத் தூக்கிக் காட்டாத நோயாளியை நாம் நம்பவே மாட்டோமா?

அன்றிலிருந்து ரஹீம் பாய் கடைக்குப் போகவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்கிறாள் நூர்ஜஹான். அந்த வீடியோ தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டதாம்.

கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று ஒரு வாரம் பொறுத்திருந்தேன். ஆறவில்லை.