கேன் அக்கா

துணி ஆலையின் இஸ்திரிப் பிரிவில் எல்லோரும் அவளைக் 'கேன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மேலாளருக்குத் தமிழ் வராது. சட்டைகளை இன்றே முடிக்க முடியுமா என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டால், "கேன், சார்" என்பாள். கேன் என்றால் முடியும். அவளுடைய ஆங்கிலம் அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் கேன் கேன் என்றால் நம்மைக் கேனையாக்கிவிடுவார்கள் என்று பக்கத்து மேசைக்காரி கிண்டலடிப்பாள்.

அவள் கணவர் சரக்கு வண்டி ஓட்டியவர். வயிற்றில் கட்டி வந்து மருத்துவமனையில் கிடந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் குடித்த பால்கூட வயிற்றில் தங்கவில்லை.

ஒரு நாள் காலை பெரிய டாக்டர் வந்தார். அறிக்கையைப் பார்த்தார். "ஹீ கேன் கோ ஹோம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கணவரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போக முடியுமாம்! அந்த அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. மகளுக்குப் போன் செய்து அப்பா தேறிவிட்டார் என்றாள். கடைக்கு ஓடி இளநீலத்தில் ஒரு சட்டையும், இடுப்பு மெலிந்துவிட்டதே என்று ஒரு பெல்ட்டும் வாங்கிவந்தாள். கணவர் சட்டையைத் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்.

பிற்பகலில் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி மருந்துப் பையைக் கொண்டுவந்தாள். அதில் வலி மருந்து மட்டுமே இருந்தது. வீட்டுக்குப் போக முடியும் என்று டாக்டரே சொன்னாரே, மற்ற மாத்திரைகள் எங்கே என்று கேட்டதும், நர்ஸ் அவளை வெளியே அழைத்துப் போனாள்.

"அக்கா, போக முடியும்னு டாக்டர் சொல்லல. கூட்டிட்டுப் போகலாம்னு சொன்னார். இனி இங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்ல."

"அதுக்கும் கேன்தானா?"

"ஆமாக்கா. ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான்."

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். ஒன்றும் நடக்காததுபோலத் துணிகளை மடித்து வைத்தாள். வீட்டுக்குப் போகும் வண்டியில் கணவரே பேச்செடுத்தார்.

"நர்ஸ் சொல்லிட்டாங்களா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"காலையில டாக்டர் தோளைத் தொட்டப்பவே புரிஞ்சுது. நீ சட்டை வாங்க ஓடினப்போ, அந்த முகத்தப் பாத்து எப்படிச் சொல்லுவேன்?"

வழியெல்லாம் அவள் அழுதாள். அவர் அவள் கையை விடவில்லை.

வாசலில் காத்திருந்த மகளிடம் விஷயத்தைச் சொல்லும் பாரம் அவள் தலையில்தான் விழுந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. வலி தணிந்த பொழுதுகளில் அவர் மகளுக்கு மலைச்சாலைகளைப் பற்றிச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து, மனைவி தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தபோது, அவருடைய மூச்சு அடங்கியது.

மகள் கொஞ்ச காலம் அம்மாவோடு தங்கினாள். இருவரும் ஒரே பாயில் படுத்தார்கள்.