செல்லம்மா வீட்டில் அரை மணி நேரம்

காலை 8.20. அவிசாவளையில் மாறி ஏறிய பஸ் என்னை யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் இறக்கிவிட்டது. பையிலிருந்த டிஎன்ஏ சோதனைக் குழாயை நான்காவது முறையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கோத்தகிரியில் அப்பா ஏற்கெனவே எச்சில் கொடுத்துவிட்டார். தோட்டத் தமிழரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, பிறப்பைப் பதியாததால் கடவுச்சீட்டில் பெயர் சேராத, அப்பாவின் நான்கு வயதுத் தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போன குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு இப்போது இதயம் சரியில்லை. தங்கையைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று அவருக்குப் பயம். அவர் போய்விடுவாரோ என்று எனக்கு.

அந்தத் தங்கையாக இருக்கலாம் என்று கேள்விப்பட்ட செல்லம்மா இருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபாய்.

"செல்லம்மா அக்கா வீட்டுக்கா மாத்தயா? நேத்துல இருந்து லயத்து வீட்டு ஆளுங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க," என்றார் ஓட்டுநர்.

9.05. செல்லம்மா வாசலிலேயே நின்றார், வாய் நிறைய வெற்றிலையோடு. குழாயில் துப்புவதற்கு முன் அரை மணி நேரம் வாயில் எதுவும் போடக் கூடாது என்றேன்.

"கொப்புளிச்சிட்டு வர்றேன். தேத்தண்ணிய நீங்க மட்டும் குடிங்க தம்பி."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் குடித்தேன். அத்தை என்று கூப்பிடவும் பயமாக இருந்தது.

"வேற யாரையும் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"போன வருஷம் ஓப்பநாயக்கவுல ஒரு அம்மாவைப் பாத்தேங்க. அவங்களும் இப்படி விட்டுட்டுப் போன பிள்ளைதான். பொருந்தலைங்க. அப்பா ரெண்டு நாள் சாப்பிடலை."

"அந்தம்மாவுக்கு யாரு சொன்னா?"

"மெசேஜ் அனுப்பினேங்க."

"வாசிக்கத் தெரியுமா அவங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை. அப்பாவின் கவலையிலேயே அந்த அம்மாவை மறந்துபோனேன். வெட்கமாக இருந்தது.

9.40. கோடு வரை நிரப்ப வெகுநேரம் துப்பினார். மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நான் இல்லைன்னு வந்தா மெசேஜ் வேணாம் தம்பி. நேர்ல வந்து சொல்லுங்க."

11.30. அவிசாவளை. அப்பா மூன்று முறை அழைத்திருந்தார். "எங்க அம்மா ஜாடை இருக்காடா?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. முடிவு வரட்டும்ப்பா என்று சொல்லிப் போனை வைத்தேன். நாளை மாலைதான் விமானம். புறப்படத் தயாராக நின்ற கொழும்பு பஸ்ஸை விட்டுவிட்டு, இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து பெல்மதுளை வழியாக ஓப்பநாயக்க போய்விடலாம். ஒரு வருடம் கழித்துப் போய், நீங்கள் எங்கள் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டும். அதை எந்த முகத்தோடு சொல்வேன்?