செத்தவர் வந்து பேசிய சாயங்காலம்

எண்பதுகளின் கடைசியில், ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், புதூர் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் இது நடந்தது. ஊர் பெயர் வேண்டாம். இதில் வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீஸ், பிறகு லாரியில் கிளீனர், பிறகு ஓட்டல் என்று எதிலும் கால் தரிக்கவில்லை. அந்த வருஷம் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி எடுத்து, சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்தேன். பாவாடை சட்டை, கவுன், டவுசர். தீபாவளி சமயம் நல்ல வியாபாரம். ஆனால் அந்த வருஷம் மழை விடவில்லை.

அன்று காலை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பேப்பர் கடையில் தொங்கிய போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். டெலிவிஷன் நாடகத்தில் வரும் ஒரு நடிகர் முந்தின நாள் மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று போட்டிருந்தது. ஒல்லியான மனிதர். எப்போதும் குடும்பத் தலைவராக வருவார். பேசுவதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அதற்கே ஜனம் சிரிக்கும். பாவம் என்று நினைத்துக்கொண்டு, சைக்கிளைப் பஸ் மேல் ஏற்றிவிட்டு நானும் ஏறினேன்.

பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஓடையில் தண்ணீர் போனது. நான் மூட்டையைத் தலையிலும் சைக்கிளைத் தோளிலுமாக இரண்டு தடவை நடந்து அக்கரை சேர்ந்தேன். அதற்கப்புறம் கரிசல் பாதை. நனைந்த கரிசலில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும். மண் மட்கார்டுக்குள் அப்பி, சக்கரம் சுற்றாது. தூக்கவும் முடியாது, உருட்டவும் முடியாது. இழுத்துக்கொண்டு போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

ஊரில் இரண்டு நாளாகக் கரண்டு இல்லை. பேப்பர் கொண்டுவரும் பஸ்ஸும் வரவில்லை. பஞ்சாயத்து டி.வி. ரூம் வாசலில் தார்ப்பாயை விரித்துத் துணிகளைப் பரப்பினேன். பெண்கள் கூடினார்கள். அந்த ரூம் கதவில், ஏதோ பத்திரிகையிலிருந்து கத்தரித்த அந்த நடிகரின் படம் ஒட்டியிருந்தது. பொட்டுகூட வைத்திருந்தார்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவன் ஏதாவது ஒரு சேதியோடு வந்தால்தான் ஜனம் நின்று பேசும். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

"இந்த மனுஷன் செத்துப் போயிட்டாராமே, பாவம்."

கவுனை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் கை அப்படியே நின்றது. "யாரைச் சொல்லுதீரு?" என்றாள். நான் படத்தைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள்.

பின்னால் நின்றவர் அவள் புருஷன். முப்பது வயதிருக்கும். சொந்த நிலத்தில் பருத்தியும் உளுந்தும் போடும் சம்சாரி. டி.வி. ரூம் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். ஊரே அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டது.

"ஏலே, யாரைச் சாவடிக்கே?"

"பேப்பர்ல போட்டிருக்கு, அண்ணாச்சி. கோவில்பட்டியில பார்த்தேன்."

"படிக்கத் தெரியுமா ஒனக்கு?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன்."

அங்கே நின்ற பெரியவர் ஒருவர் பேச்சை இலேசாக்கப் பார்த்தார். "விடுடே. இருக்கவன செத்துட்டாம்னு சொன்னா ஆயுசு கூடும்பாக."

"ஆயுசு கூட்டுததுக்கு இவன் யாரு, எமனுக்குக் கணக்கப்பிள்ளையா?" என்றார் பெட்டிக்காரர். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் மூட்டையையும் சைக்கிளையும் உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார். "இன்னைக்கி நாடகம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கரண்டு வந்துரும்னு லைன்மேன் சொல்லி அனுப்பிச்சிருக்கான். அவிய பெட்டியில வருவாவ. வந்தாவன்னா, ஒன்ன இந்தக் கம்பத்துல கட்டிவச்சி உரிச்சிருவேன்."

"வரலன்னா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

பெட்டிக்காரர் கதவில் இருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்போது அவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கால் புதையும் கரிசல். நாலு எட்டில் பிடித்துவிடுவார்கள். ரூம் சுவர் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

பொழுது சாயும் நேரம் பெட்டிக்காரர் மனைவி ஒரு செம்பில் கம்மங்கஞ்சி கொண்டுவந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குனிந்து கேட்டாள்.

"அண்ணே, நெசமாத்தானா?"

"போஸ்டர்ல படமே போட்டிருந்துச்சு தாயி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வேறு ஒன்றைச் சொன்னாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை. போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் பேச்சை விட்டுவிட்டார். ஒரு நாள் விடியற்காலம் கிணற்று மேட்டில் நின்றவரை இவள்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறாள். பிறகு ஊருக்கு இந்தப் பெட்டி வந்தது. ஒரு நாடகத்தில் அந்த மனிதர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபோது இவர் சிரித்தாராம்.

"அன்னைக்கித்தான் வாயத் தொறந்தாவ. பொறவு ஒவ்வொரு வாரமும் அந்த நடிகருக்காவத்தான் உசுரோட இருக்காவ. நீங்க பொய்னு சொல்லிருங்க அண்ணே. பொய்னா ஒங்கள நாலு சாத்து சாத்துவாவ, அம்புட்டுத்தான். நெசம்னா எனக்குப் பயமா இருக்கு."

செம்பை வாங்கிக் கீழே வைத்தேன். நாலு அடி வாங்குவது எனக்குப் புதிதில்லை. ஆனால் நாடகத்தில் அவர் வராவிட்டால் என் பொய் என்ன ஆகும்? இரண்டு பக்கமும் பள்ளமாகத் தெரிந்தது.

இருட்டுகிற நேரத்தில் கரண்டு வந்தது. ஊரே கத்தியது. பெட்டிக்காரர் கதவைத் திறந்தார், பெட்டியைப் போட்டார். வெறும் புள்ளிதான் இரைந்தது. மழைக்காற்றில் ஆன்டெனா திரும்பியிருந்தது. கொடைக்கானல் டி.வி. கோபுரம் இருக்கும் திசைக்கு அதைத் திருப்பினால்தான் படம் வரும்.

அந்த ரூமின் தட்டோட்டில், அதாவது மொட்டை மாடியில், உயரமான இரும்புக் கம்பம். குழாய்க்கு மேல் குழாயாகப் பொருத்தி, நாலு பக்கமும் இழுவைக் கம்பி கட்டி, தரையில் முளை அடித்திருந்தார்கள். கொஞ்ச தூரம் ஏறினால் கால் வைக்க ஒரு குறுக்குச் சட்டம். அங்கே நின்று கைப்பிடியை முறுக்கினால் உச்சியில் ஆன்டெனா திரும்பும். பெட்டிக்காரர் ஏறி நின்று, "தெரியுதா?" என்று குரல் கொடுத்தார். உள்ளேயிருந்து கூட்டம் மொத்தமும், "தெரியல!" "கெழக்க!" "ரொம்பப் போயிட்டு, கொஞ்சம் மேக்க!" என்று கத்தியது. அவர் முறுக்க முறுக்க, கம்பம் ஆடுவதை நான் கீழேயிருந்து பார்த்தேன். ஒரு முளை ஊறிப்போன கரிசலில் பாதி பிடுங்கிக்கொண்டு நின்றது.

"தெரியுது, தெரியுது! எறங்கு!"

படம் வந்தபோது நாடகம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அந்த ஒல்லி மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியைத் தேடினார்.

கூரை பறக்கிற மாதிரி சத்தம். "இந்தா இருக்காரு! பேசுதாரு பாருலே!" "செத்தவன் எப்படிலே பேசுவான்?" என்றார்கள். சிரிப்பும் கைதட்டலும். உண்மையைச் சொன்னால், நானே குழம்பிப்போனேன். நாடகத்தை எடுத்து வைத்துப் பிறகு போடுவார்கள் என்பதெல்லாம் அந்த ஊருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அங்கே நடப்பது இங்கே தெரிகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான்தான் எழுத்தைத் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று தோன்றியது.

பெட்டிக்காரர் எழுந்து என்னிடம் வந்தார். கண்ணில் நீர், வாயில் சிரிப்பு. ஒரே ஒரு அறை. காது ஙொய்யென்றது.

"சொல்லுலே. பொய்தான?"

அவர் தோளுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது.

"பொய்தான் அண்ணாச்சி. தெரியாமச் சொல்லிட்டேன்."

"போ. ஒக்காந்து பாரு. இன்னைக்கி நல்ல நாளு, ஒன்ன விட்டுட்டேன்" என்று என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். அவர் தொடை என் தொடையை இடித்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் பேசும் ஒவ்வொரு வார்த்தைக்கும் இவர் உதடும் அசைந்தது. பயம் போய்விட்டது என்று நினைத்தேன்.

நாடகம் முடிந்தது. செய்தி சொல்கிற பெண் வந்தாள். சிரிக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் அதே மனிதரின் படம், மாலை போட்டு. நேற்றுக் காலமானார் என்றும், அவர் நினைவாக, முன்பே பதிவு செய்த இந்த நாடகத்தை இன்று ஒளிபரப்பினோம் என்றும் சொன்னாள். தொடக்கத்திலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் அப்போது கம்பத்தை முறுக்கிக்கொண்டிருந்தோம்.

நான் மெதுவாகப் பக்கத்தில் திரும்பினேன். என் பக்கத்தில் யாரும் இல்லை.

வெளியே இரும்பு கிறீச்சிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். பெட்டிக்காரர் ஏறிக்கொண்டிருந்தார். எப்போதும் நிற்கும் குறுக்குச் சட்டத்தைத் தாண்டிவிட்டார். மேலே குழாய் மெலிசு. பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கரண்டுக் கம்பி. தெருவிளக்கு வெளிச்சத்தில் கம்பம் வில்லாக வளைவது தெரிந்தது. ஒருவன் பின்னாலேயே ஏறப் போனான். "ஏறாதடே, ரெண்டு பேரும் சேந்து விழுவீக" என்று பெரியவர் அவன் காலைப் பிடித்து இழுத்தார். "ஏய்யா, எறங்குய்யா" என்று ஊரே கத்தியது. கத்தக் கத்த அவர் மேலே போனார்.

பாதி பிடுங்கியிருந்த அந்த முளை இன்னும் ஒரு விரற்கடை மேலே வந்தது. நான் போய் இழுவைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முளையின் மேல் காலை ஊன்றிச் சாய்ந்தேன். கம்பி உள்ளங்கையை அறுத்தது. பிடி விட்டால் மனிதன் விழுவான் என்பது மட்டும்தான் தெரிந்தது. என்னிடம் மன்றாடிய பெண் எங்கே என்று தேடினேன். கம்பத்தடியில் இல்லை.

அவள் ரூமுக்குள் இருந்தாள். அங்கேயிருந்து அவள் குரல் கேட்டது. அழுகை இல்லை. ஒவ்வொரு வாரமும் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தும் அதே குரல்.

"இந்தாருங்க! படம் தெரியல!"

இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

"ஆடுது! ஒண்ணும் தெரியல! கொஞ்சம் திருப்புங்க!"

மேலே அசைவு நின்றது. கம்பம் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு உச்சியிலிருந்து கம்மிய குரல் வந்தது.

"எந்தப் பக்கம்?"

"கெழக்க!"

அங்கே முறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. கைப்பிடி கீழே குறுக்குச் சட்டத்தில் இருக்கிறது. அவர் கால் தடவியது. ஒரு எட்டு இறங்கினார். முதலில் புரிந்துகொண்டவர் அந்தப் பெரியவர்தான். "ஆமாடே, தெரியலடே!" என்று அவரும் கத்தினார். பிறகு ஊரே சேர்ந்துகொண்டது. "தெரியல!" "ஒரே புள்ளியா இருக்கு!" நானும் கத்தினேன், கம்பியை விடாமல்.

சட்டத்தில் வந்து நின்று கைப்பிடியைப் பிடித்தார். "இப்பம் தெரியுதா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம்."

"இப்பம்?"

"தெரியுது" என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எறங்கி வாங்க. நீங்களும் வந்து பாருங்க."

அவர் தட்டோட்டில் கால் வைத்ததும் நாலு பேர் அள்ளிப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் அழுத அழுகை, ஒல்லி மனிதருக்கு மட்டும் அழுததில்லை. ஒரு வருஷத்துப் பாக்கி அது. நான் கம்பியை விட்டபோது விரல்கள் விரியவில்லை. வேட்டியில் இரத்தம் துடைத்துக்கொண்டு ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். பெட்டியில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்தை மாற்றித் திருப்பிவிட்டதால் இப்போது நிஜமாகவே புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை, கதவில் ஒட்டியிருந்த படத்துக்கு முன்னால் விளக்கு வைத்திருந்தார்கள். பெட்டிக்காரர் மொட்டை அடித்திருந்தார். சொந்தத் தமையன் போனால் செய்வது போல. என் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மட்கார்டுக்குள் காய்ந்துபோன கரிசலைக் குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலேயே பேசினார்.

"நெசத்தத்தான சொன்ன. அடிச்ச பொறவு எதுக்குப் பொய்னு சொன்ன?"

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "அடி வாங்கப் பயம் அண்ணாச்சி" என்றேன்.

"பயந்தாங்கொள்ளிப் பயலே" என்றார். சக்கரத்தைச் சுற்றி விட்டுப் பார்த்தார். சுற்றியது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை. டி.வி.யில் முகம் காட்டிய எத்தனையோ பேர் போய்விட்டார்கள். டீக்கடையில் அப்படி ஒரு செய்தி ஓடும்போது, யாரோ ஒரு கூத்தாடி செத்ததற்கு இவ்வளவு ஒப்பாரியா என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். நான், கடையில் யாராவது சத்தமில்லாமல் எழுந்து போகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒருவர் எழுந்தால், என்ன சொல்லிக் கூப்பிட்டால் இவர் திரும்பி வருவார் என்று நினைக்கையில் இன்றைக்கும் என் உள்ளங்கை வேர்க்கிறது.