அந்தக் கோல் ஞானராஜுடையது அல்ல

செவ்வாய்க்கிழமை காலை பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி விடாமல் சத்தம் போட்டது. பழைய கால்பந்து ஆட்டக்காரர்களான எங்களுடைய வாட்ஸ்அப் குழு. அந்த நேரத்தில் வழக்கமாக ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம்தான் வரும். அன்று வந்தது இது: "நம் ஸ்டாப்பர் ஞானராஜ் அண்ணன் இன்று விடியற்காலை மாரடைப்பால் காலமானார். அந்த ஒரு ஃபைனலைத் தவிர அவர் ஆட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை." அதன்கீழ் வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒருவர் "மரம் சாய்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். பாவம், அன்பாகத்தான் எழுதியிருந்தார்.

பாத்திரத்தில் பாலை ஊற்றிவிட்டு அந்தச் செய்தியை மறுபடி படித்தேன். முப்பது வருடத்துக்கு முந்தைய ஃபைனல். மனிதரின் உடல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக்கூட வந்து சேர்ந்திருக்காது, அதற்குள் அந்தப் பேச்சு வந்துவிட்டது. அன்று எங்களுக்கு விழுந்த கோலுக்குக் காரணம் ஞானராஜ் இல்லை, நான். இது இரண்டே பேருக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் போய்விட்டார். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வெறும் மன்னிப்புக் கடிதமாக எழுதினால் அவரே சிரிப்பார். அவரைத் தெரியாதவர்களுக்கு முதலில் அவரைச் சொல்கிறேன்.

ஞானராஜ் பல்லாவரத்துக்காரர். அப்பா தோல் கம்பெனியில் வேலை செய்தவர். வெட்டி மிஞ்சிய தோலை இரண்டு மடிப்பாகத் தைத்து, மகன் காலில் அடி படாமல் இருக்க ஷின் கார்டு செய்து கொடுத்திருந்தார். கடையில் வாங்கியதைவிட உறுதியானது. ஒரே குறை, வெயிலில் அரை மணி நேரம் ஓடினால் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. "பாதிப் பேரு என் ஆட்டத்துக்குப் பயந்து கிட்ட வரல மச்சான், இந்த நாத்தத்துக்குத்தான்" என்று அவரே சொல்வார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அலுவலக அணியில் நான் கோல்கீப்பராகச் சேர்ந்தபோது, எனக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் அவர். எங்கள் பேச்சில் ஸ்டாப்பர். என்னைவிட மூன்று வயது பெரியவர். முதல் நாள் கை கொடுக்கக்கூட இல்லை, நேராகச் சட்டம் பேசினார்.

"பேரு இன்னா?"

"சம்பத்."

"ஒரே ரூலு சம்பத்து. நீ 'கீப்பர்'னு கூப்புட்டா பந்து உன்னுது. கோல் லைன் மேல இருந்தாலும் நான் காலை எடுத்துருவேன். கூப்புடலன்னா என்னுது. நடுவுல யோசிக்கிற வேலையே வச்சுக்காத."

ஊரில் எல்லாக் கீப்பர்களும் கூப்பிடுவார்கள். ஆனால் எல்லா ஸ்டாப்பர்களும் பந்தை விட்டுவிடுவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு உதை உதைத்துவிடுவார்கள். ஞானராஜ் விடுவார். பந்து அவர் காலடியில் இருந்தாலும், என் குரல் கேட்டால் அடுப்பைத் தொட்டவர்போலக் காலை எடுத்துவிடுவார். அப்படி ஒருவர் முன்னால் நிற்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கீப்பராக நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

பயிற்சி இல்லாத நாட்களில் திருநீர்மலைப் பெருமாள் கோயில் படிகளில் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடுவார். நான் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். அவர் உச்சிவரை போய்த் தொட்டுவிட்டு இறங்குவார். ஒருநாள் மேலே பட்டர் வழிமறித்து, "ஏம்ப்பா, தினம் வாசல் வரைக்கும் வர்றே, உள்ளே வந்து பெருமாளைச் சேவிக்காம ஓடறியே" என்று கேட்டாராம். "சாமி, நான் சர்ச்சுக்குப் போறவன். இங்க ஸ்டாமினாவுக்கு வர்றேன்" என்றிருக்கிறார் இவர். பட்டர் சிரித்துவிட்டு ஒரு தொன்னை புளியோதரை கொடுத்தார். அதற்கப்புறம் நானும் உச்சிவரை ஓட ஆரம்பித்தேன்.

ஆட்டத்தில் அவர் சட்டையைப் பிடித்து இழுக்க மாட்டார், முழங்கையால் இடிக்க மாட்டார். பேசுவார். எதிரணி ஃபார்வர்டை ஒட்டி நின்றுகொண்டு, "இன்னா தம்பி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாங்களே, இப்ப எப்டி கீது?" என்று விசாரிப்பார். உண்மையான அக்கறையோடுதான் கேட்பார், அதுதான் கொடுமை. அவன் "பரவால்லண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து இவர் காலில் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் மறக்காமல் போய் மீதியைக் கேட்டுவிட்டு வருவார்.

இனி அந்த ஃபைனல். கோவாவின் பெரிய கிளப் ஒன்றிலிருந்து இரண்டு பேர் அவரைப் பார்ப்பதற்காகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரராகப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. எஸ்தர் டீச்சரோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். எல்லாம் சேர்ந்து வருகிறது என்று சந்தோஷமாக இருந்தார். கோல் எதுவும் விழாமல் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வந்துவிட்டோம். எதிரணி தூக்கி அடித்த பந்து ஞானராஜுக்கு முன்னால் குதித்து விழுந்தது. வெளியே அடிக்க அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது. நான் "கீப்பர்!" என்று கத்தினேன். அவர் காலை எடுத்தார்.

நான் ஓரடி வைத்தேன். அவருக்குப் பின்னாலிருந்து அவர்களுடைய ஃபார்வர்டு தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து வருவதைப் பார்த்தேன். அதற்கு நான்கு மாதம் முன்புதான் இப்படி ஒருவன் மோதி என் தோள் எலும்பு முறிந்திருந்தது. கால் நகரவில்லை. பயந்துவிட்டேன், வேறு வார்த்தை இல்லை. அவன் வந்து காலை நீட்டினான், பந்து உள்ளே போனது.

கேலரியில் இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, தள்ளி நின்ற எங்கள் ஆட்களுக்கும் என் குரல் கேட்டிருக்க வழியில்லை, அவ்வளவு கூச்சல். அவர்கள் கண்டது, முன்னால் கிடந்த பந்தை அடிக்காமல் மரம்போல நின்ற ஒரு ஸ்டாப்பரை. கோட்டருகில் நின்ற கீப்பரை யாரும் எதுவும் சொல்லவில்லை. மைதானத்தை விட்டு வருவதற்குள் அவருக்கு "மரம்" என்று பெயர் விழுந்துவிட்டது. கோவாக்காரர்கள் கை குலுக்காமலே போனார்கள்.

உடை மாற்றும் அறையில் மேனேஜர் அவரை வாயில் வந்தபடி திட்டினார். நான் வாயைத் திறந்தேன். ஞானராஜ் என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன். தாம்பரம் போகும் மின்சார ரயிலில் சைதாப்பேட்டை தாண்டித்தான் பேசினேன்.

"நாளைக்கு நானே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

"இன்னான்னு சொல்லுவ? பயந்துட்டேன்னா? உன் வேலை இன்னும் பர்மனென்ட் ஆவல. கீப்பர் பயந்தான்னு ஒரு பேரு வந்துச்சுன்னு வை, எவனும் உன்னை நிக்க வெக்க மாட்டான். என்னைத் திட்டுவானுங்க, அடுத்த மேட்ச்சு ஆட வெப்பானுங்க. வாயை மூடிக்கினு வா."

வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிப் பாதியை என் கையில் கொட்டினார். ஆறு மாதத்தில் என் வேலை நிரந்தரமானது. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு எந்தச் சாக்கும் என்னிடம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து கேரளத்து கிளப் ஒன்று அவரை அழைத்தது. கோவா கிளப் அளவுக்குப் பெரியதல்ல. ஆனாலும் நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு போய் ஐந்து சீசன் தொழில்முறை ஆட்டம் ஆடினார், கேப்டனாகவும் இருந்தார். ஓணம் சமயத்தில் ஊருக்கு வந்தால் எனக்கு ஒரு பை நிறைய நேந்திரங்காய் வறுவல் வரும். முழங்கால் போன பிறகு திரும்பி வந்து, அலுவலகத்தில் ஃபைல்களோடு ஓய்வு பெறும் வரை இருந்தார். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் நாங்கள் இருவரும் ஏரிக்கரையில் நடப்போம். ஒருமுறை துணிந்து அந்தப் பேச்சை எடுத்தேன். அவர் தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டி, "அந்தக் கொக்கைப் பாரேன், இன்னாமா பொசிஷன் எடுத்துகினு நிக்கிது" என்றார். சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் இன்னும் பத்து வருடம் ஓடிவிட்டது.

இறுதி ஆராதனையில் போதகர், "யாராவது இரண்டு வார்த்தை பேசலாம்" என்றார். எழுந்து போனேன். பட்டர், புளியோதரை, ஷின் கார்டு எல்லாம் சொன்னேன், கூட்டம் அழுகைக்கு நடுவே சிரித்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்து உட்கார்ந்தேன். கல்லறையில் எல்லோரோடும் சேர்ந்து நானும் மண் போட்டேன்.

ஐந்தாம் நாள் எஸ்தர் டீச்சரைப் பார்க்கப் போனேன். இருபத்தேழு வருடம் பள்ளியில் தமிழ் எடுத்தவர். அவருக்குத் தெரிந்திருக்கும், எப்படியும் கணவர் சொல்லியிருப்பார் என்று ஒரு நப்பாசை. தெரியாது. அவரிடம்கூட ஞானராஜ் சொல்லவில்லை. நான் சொல்லி முடித்ததும் டீச்சர் நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

"என் பையனை ஸ்கூல்ல 'மரத்தோட மகன்'னு கூப்பிட்டாங்க சார். அழுதுட்டு வருவான். நீங்க எங்க வீட்டுக்கு எத்தனை கிறிஸ்மஸ் வந்து கேக் சாப்பிட்டிருப்பீங்க?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எழுதுங்க. உங்க பேரைப் போட்டு எழுதுங்க. அந்த குரூப்ல இருக்கற அத்தனை பேரும் படிக்கணும்."

எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஞானராஜ் உட்காரும் நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். பட்டர் வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு கண நேரக் குழப்பம்" என்று ஃபைனலைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வரியில் பேனா நின்றது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே கோடாக அடித்தார்.

"குழப்பம் எங்க சார் இருந்தது? நீங்க கூப்பிட்டீங்க. அவர் விட்டார். நீங்க போகல. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். என்னை மன்னித்துவிட்டதாக டீச்சர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தாளைத் திருப்பித் தந்துவிட்டுக் காபி போட உள்ளே போனார்.

எனவே, குழுவிலுள்ள நண்பர்களுக்கும் அன்று கேலரியில் இருந்தவர்களுக்கும், அணியின் கீப்பர் சம்பத் எழுதுவது: நான் கூப்பிட்டேன். ஞானராஜ், சொன்ன சொல் மாறாமல், காலை எடுத்தார். நான் பயந்து நின்றுவிட்டேன். இனி யாருக்காவது அவரை மரம் என்று சொல்லத் தோன்றினால், முதலில் என்னிடம் வாருங்கள்.

போய் வா, மச்சான். இத்தனை வருடம் நீ முன்னால் நின்றாய். இனிமேல் நான் நிற்கிறேன்.