அபிஷேகம் பெற்றவர் மேல் விழுந்த அடி

இன்று மாரண்டஹள்ளியில், எங்கள் சபையின் உபவாச ஜெபத்தில் ரத்தம் பார்த்தேன்.

வெளியூர் தீர்க்கதரிசி ஒருவர் வந்திருந்தார். ஸ்டெல்லா அக்காவின் மகளுக்கு வலிப்பு உண்டு. "மாத்திரை போடறது அவிசுவாசம், நிறுத்துங்க" என்று போன வாரமே போனில் சொல்லியிருந்தாராம். அக்காவும் நம்பி நிறுத்திவிட்டார்.

பாட்டு நடுவிலேயே பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது.

"பிசாசு ஆடுது!" என்று கத்திக்கொண்டே தீர்க்கதரிசி அவள் முடியைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். நாங்கள் எல்லோரும் அல்லேலூயா சொன்னோம். நானும்தான்.

அக்கா பாட்டுக்குக் குலுக்கிக்கொண்டிருந்த டாம்பரினால் அவர் வாயிலேயே ஓங்கி அடித்தார். மறுபடியும் அடித்தார். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம்.

பாஸ்டர் ஓடி வந்தார். "அபிஷேகம் பண்ணப்பட்டவரு மேல கை வெக்கறியேம்மா, சாபம் வரும்!"

"எம்புள்ள மேல அவுரு கை வெக்கறப்ப நீங்க எங்க போனீங்க?"

வாசலில் ஒரே ஒரு ஆட்டோதான் நின்றது. பிள்ளையையும் அக்காவையும் அதில் ஏற்றினேன். உதட்டைப் பொத்திக்கொண்டு தீர்க்கதரிசியும் ஏற வந்தார். அவர் நெஞ்சில் கை வைத்து ஒரே தள்ளு தள்ளினேன். ஜெபத்தில் தீர்க்கதரிசிகள் கை வைத்துத் தள்ளி மற்றவர்கள் விழுந்துதான் இதுவரை பார்த்திருக்கிறேன்.

விழுந்தவர் சட்டைப்பையிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டை ஒன்று மண்ணில் விழுந்தது.

அக்கா ஆட்டோவிலிருந்து அதைப் பார்த்தார். "தம்பி, அத எடுத்து அவுரு கையில குடு. வேளைக்குப் போடலன்னா செத்துப்போயிருவாரு."

இன்றைக்கு நான் கேட்ட தீர்க்கதரிசனம் அது ஒன்றுதான். ஆமென் சொல்கிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.