ஜெறோம் மறைத்த இருமல்

கித்துல்கலப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஜெறோமைப் போல் சுத்தமாகப் பால் வெட்ட ஆளில்லை என்று கங்காணியே சொல்வார். வேலையில் சூரன்தான். தன் உடம்பைப் பற்றி வாய் திறப்பதில் மட்டும் மகா அழுத்தக்காரன். கல்யாணமாகி நாலு வருசம் பிள்ளையில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் அவன் மனைவி ரோசலினைத்தான் குடைந்தார்கள், அவனை ஒருத்தரும் கேட்கவில்லை. அவனும் தப்பித்தோம் என்று இருந்துவிட்டான்.

தொண்ணூற்றெட்டில் அவனுடைய வலது விரை வீங்கியது. கொஞ்ச மாதத்தில் இடது பக்கமும் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இதைப் போய் யாரிடம் சொல்வது? சாரத்தைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தான். ஒருநாள் வலி தாங்காமல் மரத்தடியில் குந்தியவனை ரோசலின் பார்த்துவிட்டாள். பிறகென்ன, மறுபேச்சில்லாமல் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: இருமல் உண்டா, உடம்பில் வேறெங்காவது தடிப்பு உண்டா? ஜெறோம் எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். பச்சைப் பொய்! மாதக்கணக்காக இருமல் அவனை உலுக்கிக்கொண்டிருந்தது. எப்போதோ பால்கத்தி கிழித்து ஆறிப்போன தழும்பு கையில் சிவந்து புடைத்திருந்தது.

ஆனால் தோட்டத்தில் இருமலுக்கு ஒரே அர்த்தம்தான், டீபி. லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் இருந்த ஐயாவு என்பவருக்கு நடந்ததை அவன் கண்ணால் பார்த்தவன். இருமுகிறார் என்று தெரிந்ததும் அவரைக் கடைசிக் காம்பராவுக்குத் தள்ளினார்கள். தேத்தண்ணிக் கோப்பை தனி, மாதா கோயிலில் பெஞ்சும் தனி. மருந்தில் குணமான பிறகும் அந்தக் கோப்பை தனியாகவே இருந்தது. அதனால் இருமல் வந்தால் ஜெறோம் ரப்பர் காட்டுக்குள் ஓடிப்போய் இருமிவிட்டு வருவான். அந்தப் பழக்கத்தைக் கொழும்புக்கும் கொண்டுபோய், வார்ட்டில் கக்கூசுக்குள் ஒளிந்து இருமினான், மடையன்.

பாவம், டொக்டருக்குத் தெரிந்தது விரை வீக்கமும் நெஞ்சுப் படத்தில் தெரிந்த கட்டிகளும்தான். புற்றுநோயாக இருக்கும், நெஞ்சுக்கும் பரவியிருக்கலாம் என்றார். வலது விரையை உடனே எடுக்க வேண்டும், இடதையும் காப்பாற்றுவது கஷ்டம். அப்படியானால் பிள்ளை? முதலில் உயிரைப் பார்ப்போம் என்றார் டொக்டர்.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் ரோசலின் வந்தாள். ஜெறோம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"நீ ஒங்கம்மா வீட்டுக்குப் போயிரு. ஒனக்கு வயசிருக்கு."

ரோசலினுக்கு வந்ததே கோபம். "பிள்ள இல்லாட்டிப் போகுது. எனக்கு நீங்க வேணும்" என்றாள். சொன்னவள், வார்ட்டுக்குள் வந்த டொக்டரை மறித்துச் சிங்களத்தில் பொரிந்து தள்ளினாள். இருமல் இல்லை என்று இவர் சொல்லியிருந்தால் அது பொய், ராவும் பகலும் இருமுகிறார், லயத்தில் ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறார் என்றாள். அவன் சட்டைக் கையை மேலே இழுத்துத் தழும்பையும் காட்டினாள். ஜெறோமுக்கு மானமே போனது. இனிப் பக்கத்துக் கட்டில்காரனும் விலகிப் படுப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

டொக்டர் தழும்பைத் தடவிப் பார்த்தார். ஒப்பரேசன் தள்ளிப்போனது. தழும்பிலிருந்து ஒரு துணுக்கை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். சளியில் டீபிக் கிருமி இல்லை, துணுக்கில் புற்றுநோயும் இல்லை. சார்கொய்டோசிஸ் என்றார் டொக்டர். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே காரணமில்லாமல் அங்கங்கே கூட்டம் கூடிக் கட்டியாகிவிடுமாம். நெஞ்சில் கூடியது போலத்தான் விரையிலும் கூடியிருக்கும், யாருக்கும் தொற்றாது. மாத்திரை தருகிறேன், வீக்கம் வற்றினால் கத்தி வேண்டாம் என்றார்.

மாத்திரையில் அவன் முகம் பூசணிக்காயாக ஊதியது. ஆஸ்பத்திரியில் விருந்தா என்று லயத்தில் ஒரே கேலி. இருமல் நின்றது. வீக்கமும் மெல்ல மெல்ல இறங்கியது. ஒப்பரேசன் தேவையில்லை, இத்தனை நாள் பிள்ளையில்லாததும் இந்த நோயால் இருக்கலாம், இனியும் பிள்ளைக்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது, காத்திருந்து பாருங்கள் என்றார் டொக்டர். காத்திருந்தார்கள். சில மாதம் நம்பிக்கையோடு, சில மாதம் சண்டையோடு.

இரண்டாயிரத்தொன்றில் ஒருநாள், பால் நிறுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, தான் முழுகாமல் இருப்பதாக ரோசலின் அவன் காதில் சொன்னாள். ஜெறோம் வாளியைக் கீழே வைத்தான். அத்தனை பேருக்கும் முன்னால் வாய்விட்டு அழுதான். என்னமோ ஏதோவென்று பெண்கள் ஓடிவந்தார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துச் சொன்னான்:

"ரோசலின் முழுகாம இருக்கா. இத்தன வருசமா கொற எங்கிட்டதான் இருந்திச்சு. அவகிட்ட இல்ல."