எதிர்ச்சாரியில் பெனால்டி

பள்ளிக்கூடப் பையன்கள் கால்பந்து ஆடும் அந்தத் தொடரை என் பிள்ளைகள் இரண்டு பேரும் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. எந்த ஊரிலோ எடுத்ததைத் தமிழில் பேசவைத்து, குழந்தைகள் சேனலில் சாயங்காலம் ஐந்தரைக்குப் போடுவார்கள். வாய் ஒரு பக்கம் அசையும், வார்த்தை ஒரு பக்கம் வரும். எனக்கென்ன, பந்துக்கு டப்பிங் வேண்டுமா?

அப்போது விஸ்வநத்தத்தில் இருந்தோம். நானும் மாமியாரும் வீட்டில் உட்கார்ந்தே பட்டாசுக் கம்பெனிக்கு மத்தாப்புப் பெட்டி ஒட்டுவோம். டிவி பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் தொடரில் வரும் குட்டைப் பையன் பந்தோடு ஓடும்போது என் கை லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிடும். அத்தை அந்தப் பெட்டியைத் தூக்கி என் மடியில் போடுவார்.

"நண்டு சிண்டு பாக்குறத ரெண்டு பிள்ள பெத்தவ வாயப் பொளந்து பாக்குறா. வெளிய தெரிஞ்சா சிரிப்பாக."

"நீங்க பாக்காதீக அத்தை. அங்கிட்டுத் திரும்பி உக்காருங்க."

திரும்பித்தான் உட்காருவார்.

கடைசி நாள் வந்தது. இறுதி ஆட்டம். தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அந்தப் பையனை நினைத்து எனக்குக் காலையிலிருந்தே சோறு இறங்கவில்லை. ஆட்டம் சூடுபிடிக்கிற நேரத்தில் கரண்டு போனது. மின்வாரியத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அத்தையோ, "இருட்டுக்குள்ள என்ன சோலி, கோயிலுக்காவது போறேன்" என்று கிளம்பிவிட்டார்.

எதிர்ச்சாரிக்கு வேறு டிரான்ஸ்பார்மர். எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது, அதே சேனலும் ஓடியது. ஆனால் அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வெயிலில் காயப்போட்ட எங்கள் பெட்டிகளை அவர்கள் ஆடு மைதாப் பசை ருசிக்குத் தின்றுவிட்டது. "எங்க ஆடு அட்டையெல்லாம் திங்காது" என்றார் அந்த வீட்டு அக்கா, ஆட்டின் வாயில் லேபிள் தொங்கும்போதே. அந்த வாசலை மிதித்தால் காலை ஒடிப்பேன் என்று அன்றே அத்தை சொல்லிவிட்டார்.

வாசலில் நின்று தவித்தேன். சத்தம் மட்டும் கேட்டது. ஆட்டம் சமன். "பெனால்டி!" என்று டிவி அலறியது. மானமாவது ரோஷமாவது என்று தெருவைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டேன்.

டிவிக்கு நேர் எதிரே, கையில் காப்பித் தம்ளரோடு, அத்தை உட்கார்ந்திருந்தார்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மறைக்காம உக்காருத்தா. அடிக்கப் போறான்."

அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. அத்தையும் அந்த அக்காவும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். எனக்கு சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. முடிவுப் பாட்டு ஓடும்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது. பட்டென்று விலகி ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள்.

தெருவைத் தாண்டும்போது அத்தை சொன்னார்: "பந்து பாக்கத்தான் போனேன். மத்தபடி அவகூட நான் பேசல, ஆமா."

"காப்பி குடிச்சீகளே?"

"குடிச்சேன். பேசல."